அனுமதி எடுத்துப் பார்க்கும் தலைநகர்: மொன்செராட் தீவில் 9 நாட்கள்

கரீபியன் தீவுகள் என்றதும் எங்களில் பெரும்பாலானோருக்கு முதலில் ஞாபகம் வருவது கிரிக்கெட்தான். அந்த வரிசையில் மொன்செராட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. மேற்கிந்தியத் தீவுகளின் டெஸ்ட் அணியில் இந்தத் தீவைச் சேர்ந்த ஒருவர் (லயனல் பேக்கர்) இடம்பிடித்ததே 2008ஆம் ஆண்டில்தான். தீவின் பரப்பு 102 சதுர கிலோமீற்றர். எங்கள் நெடுந்தீவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சனத்தொகை நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கிட்ட. சுதந்திர நாடு அல்ல, பிரித்தானியாவின் கடல்கடந்த ஆட்புலம்.

நான் அங்கே போனதற்கு ஒரு வீட்டுச் சாப்பாடு காரணம். லண்டனில் குறுகிய கால ஊடகக் கற்கைநெறி ஒன்றில் என்னோடு படித்த தோழியின் தாயார் மொன்செராட்காரர். ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் காணிக் கதை வந்தது. எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, 1990இல், வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. அந்தக் காணி 25 வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்ரி, “எங்கட வீட்டைப் பார்க்கவும் அனுமதி எடுத்துத்தான் போகவேணும்” என்றார். யார் மறித்தது என்று கேட்டேன். “மலை” என்றார்.

அந்த மலைக்குப் பெயர் சூஃப்ரியேர் ஹில்ஸ். தீவின் தெற்கில் நிற்கிறது. எழுதப்பட்ட வரலாற்றில் அது வெடித்ததாக ஒரு பதிவும் இருக்கவில்லை. 1995 ஜூலை 18ஆம் திகதி திடீரென்று புகைந்து சாம்பலைக் கக்கத் தொடங்கியது. மலையின் மேற்கு அடிவாரத்தில், கடலோரமாக, தலைநகர் பிளிமத் இருந்தது. துறைமுகம், சந்தை, நீதிமன்றம், வங்கிகள், பெரிய கடைகள் என்று தீவின் எல்லாமே அங்கேதான். ஓகஸ்ட் மாதம் நகர மக்களை வடக்கே போகச் சொன்னார்கள். பிறகு திரும்பி வரலாம் என்றார்கள். டிசம்பரில் மறுபடியும் போகச் சொன்னார்கள். மறுபடியும் திரும்பினார்கள். 1996 ஏப்ரல் 3ஆம் திகதி மூன்றாவது தடவையாக வெளியேறியதுதான் கடைசி. “இரண்டு முறை திரும்பி வந்தபடியால் மூன்றாம் முறையும் வருவம் என்றுதான் நினைச்சம். அல்பத்தைக்கூட எடுக்கவில்லை” என்றார் அன்ரி. இதை நான் எத்தனை வீடுகளில், எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்!

1997 ஜூன் 25இல் மலையின் உச்சியில் வளர்ந்துகொண்டிருந்த எரிமலைக் குழம்புக் குமிழ் இடிந்து சரிந்தது. வாயுவும் சாம்பலும் பாறையும் கலந்த நெருப்புப் பெருக்கு வடகிழக்குப் பள்ளத்தாக்குகள் வழியாக விமான நிலையம்வரை பாய்ந்தது. 19 பேர் இறந்தார்கள். அவர்கள் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் ஏன் நின்றார்கள் என்று வெளியார் கேட்கலாம். விடை எங்களுக்குத் தெரிந்ததுதான். தோட்டத்தில் பயிர் இருந்தது, மாடு கன்று இருந்தது. வடக்கே தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் கூட்டமாகப் படுத்த சனத்துக்கு மரக்கறியும் தேவைப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் தொடக்கத்தில் நெருப்புப் பெருக்கு பிளிமத்துக்குள்ளும் இறங்கியது. நகரின் பெரும்பகுதி எரிந்தும் புதைந்தும் போனது.

மலை பொங்குவதற்கு முன்னர் தீவில் 11 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். மூன்றே வருடத்தில் அதில் மூன்றிலொரு பங்கு அளவினரே மிஞ்சினார்கள். மற்றவர்கள் அன்டிகுவாவுக்கும் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள்.

இப்போது அங்கே போவதென்றால் அன்டிகுவாவிலிருந்து சிறிய விமானம் எடுக்கவேண்டும். பயணம் இருபது நிமிடம்தான். பழைய விமான நிலையம் அழிந்த பிறகு வடக்கில் ஜெரால்ட்ஸ் என்ற இடத்தில் குன்றின் முதுகைச் சீவி 2005இல் குட்டி ஓடுபாதை ஒன்று திறந்தார்கள். என்னோடு வந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் மடியில் கேக் பெட்டி. பேத்தியின் பிறந்தநாளாம்.

கடவுச்சீட்டில் குத்தும் முத்திரை மூன்று இலைக் கொத்து வடிவத்தில் இருக்கிறது. அது அயர்லாந்தின் சின்னம். 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறியவர்களில் பெரும்பாலானோர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். அவர்களின் தோட்டங்களில் வேலைசெய்ய ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய மக்கள். அதனால் றையன், ஃபரெல், றைலி என்று கறுப்பின மக்களுக்கு ஐரிஷ் குடும்பப் பெயர்கள். மார்ச் 17, புனித பற்றிக் தினம், அங்கே பொது விடுமுறை. ஆனால் காரணம் வேறு. 1768இல் அதே நாளில், எசமானர்கள் கொண்டாட்டத்தில் மூழ்கியிருப்பார்கள் என்று கணக்குப்போட்டு அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். இரகசியம் வெளியே கசிந்தது. 9 பேர் கொல்லப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் பச்சைத் தொப்பி போட்டு ஆடுகிற நாள், ஊர்க்காரருக்கு நினைவேந்தல் நாளும்கூட. இரண்டும் ஒரே தெருவில் நடக்கின்றன. எனக்கு முதலில் அது நெருடலாக இருந்தது. பிறகு, நினைவேந்தலைத் தடையில்லாமல் செய்ய முடிவதே எவ்வளவு பெரிய விடயம் என்று தோன்றியது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் அந்த வாரத்தில்தான் ஊருக்கு வருகிறார்களாம். எங்கட நல்லூர்த் திருவிழாக் காலம் மாதிரி.

அரச அலுவலகங்கள் எல்லாம் வடக்கே பிரேட்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. அதை நகரம் என்று சொல்லமுடியாது. ஒரு வீதி, அதன் இரு பக்கமும் கட்டடங்கள். சட்டப்படி தலைநகர் இன்றும் பிளிமத்தான். ஒருவரும் வாழாத ஊர் தலைநகராக இருக்கும் ஆட்புலம் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

முதல் நாள் பகல் 12 மணிக்கு எங்கோ சைரன் ஊதியது. நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். கடைக்காரப் பெண் சிரித்தபடி கையைக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் மதியம் அதைச் சோதித்துப் பார்ப்பார்களாம். ஊர்ச் சனம் மணிக்கூடு பார்ப்பதற்குப் பதில் அதைக் கேட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறது. எங்களுக்குச் சைரன் இருக்கவில்லை, பொம்பர் சத்தம்தான் சைரன். நான்காம் நாளில் நானும் எழும்பாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

சாப்பாட்டில் எனக்கு அந்நியமாகத் தெரிந்தது குறைவு. ஈரப்பலாவை அவித்தும் சுட்டும் சாப்பிடுகிறார்கள். மரவள்ளி மாவில் ரொட்டி சுடுகிறார்கள். தேசிய உணவு ஆட்டுத் தண்ணி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆட்டிறைச்சியைக் கராம்பும் வாசனை இலைகளும் போட்டு, பெரிய பானையில் விறகடுப்பில் மணித்தியாலக் கணக்கில் அவிய விட்ட குழம்பு. கோப்பையில் ஊற்றிப் பணிசோடு தருவார்கள். கலியாண வீடு, செத்த வீடு இரண்டிலும் அது உண்டு. உறைப்புத்தான் காணாது. பக்கத்தில் வைத்திருக்கும் மிளகாய்ச் சோஸை நான் ஊற்றிய அளவைப் பார்த்து, சமைத்த ஐயா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது போத்தலைக் கொண்டுவந்து வைத்தார்.

கடற்கரைகள் பெரும்பாலும் கறுப்பு மணல். எரிமலை தந்தது. வெளிர் மணல் உள்ளது றொன்டேவு என்ற ஒரேயொரு கரையில்தான். அதற்கும் படகில் அல்லது மலைப் பாதையால் நடந்துதான் போகவேண்டும். நடுவிலுள்ள காட்டுக் குன்றுகளில் கறுப்பும் மஞ்சளுமான ஒரு குருவி இருக்கிறது. மாங்குயிலைப் போன்ற தோற்றம். உலகில் வேறெங்கும் கிடையாது. ஒரு காலைப்பொழுது முழுவதும் நடந்து ஒன்றைத்தான் பார்த்தேன்.

பீட்டில்ஸ் குழுவின் இசைத் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் 1979இல் இந்தத் தீவில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றைத் திறந்தார். பெரிய பெரிய பாடகர்கள் வந்து பதிவுசெய்தார்கள். 1989இல் ஹியூகோ புயல் அதை முடித்துவைத்தது. அந்தப் புயலில் தீவின் மிகப் பெரும்பாலான கூரைகள் பறந்தன. பிளிமத்தைத் திருத்திக் கட்டி முடிக்க, ஆறு வருடத்தில் மலை பொங்கியது.

அந்த மண்ணின் கணக்கு விசித்திரமானது. பெல்ஹாம் பள்ளத்தாக்கில் முன்பு பாலமும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. மழைக்கு மலையிலிருந்து இறங்கிய சாம்பல் சேறு இரண்டையும் மூடிவிட்டது. இப்போது வாகனங்கள் பாலத்தின் மேலாகத்தான் ஓடுகின்றன, ஆனால் பாலம் மண்ணுக்கடியில். மழை பெய்தால் குறுக்கே போகமுடியாது. அதே மண்ணை அள்ளிக் கப்பலில் ஏற்றி அயல் தீவுகளுக்குக் கட்டட வேலைக்கு விற்கிறார்கள். ஊரைப் புதைத்த மணல் இன்று ஏற்றுமதிப் பொருள்.

பிளிமத்துக்குள் தனியாகப் போகமுடியாது. தீவின் தெற்கு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம், விலக்கு வலயம். அனுமதி பெற்ற வழிகாட்டியோடு, பகலில், எரிமலை அவதான நிலையத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் போகலாம். கடைசிப் பெரிய வெடிப்பு 2010 பெப்ரவரி 11இல். அதற்குப் பிறகு மலை அடங்கியிருக்கிறது, அவியவில்லை. உச்சியில் புகை எப்போதும் உண்டு.

வழிகாட்டி ஐம்பது வயதுக்காரர், பிளிமத்தில் பிறந்தவர். படலையைத் திறந்து, பூட்டி, வானொலிக் கருவியில் ஏதோ சொன்னார். வண்டியை வெளியே போகும் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார். நாங்கள் நடந்தது தெருவில் அல்ல. தெரு பல மீற்றர் கீழே இருக்கிறது. கட்டடங்களின் மேல்மாடி ஜன்னல்கள் என் முழங்கால் உயரத்தில் இருந்தன. “இது பாமசி. இது நான் முதல் சம்பளம் எடுத்த வங்கி. இந்த மூலையில் ஒரு கிழவி கச்சான் விற்பா” என்று வெறும் மண்ணைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். குன்றிலுள்ள பழைய ஹோட்டலின் நீச்சல் தடாகத்தில் நிறையச் சாம்பல், அதில் செடி முளைத்திருந்தது.

மலையையும் எங்கள் கதையையும் ஒன்றாக வைக்க நான் விரும்பவில்லை. மலை யாரையும் குறிவைக்கவில்லை, யாருக்கும் பொய் சொல்லவில்லை. ஆனால் வெளியேறியவர்களைப் பிறகு கையாண்டது மனிதர்கள். 1997இல், இன்னும் உதவி வேண்டும் என்று தீவார் கேட்டபோது, அன்றைய பிரித்தானிய சர்வதேச அபிவிருத்தி அமைச்சர் கிளெயார் ஷோர்ட், அடுத்ததாகத் தங்க யானைகளையும் கேட்பார்கள் என்று சொன்னார். அந்த வார்த்தையை இன்றும் மறக்காமல் சொல்லிக்காட்டுகிறார்கள். முழுப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது 2002இல். அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அங்கே தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து கொடுத்திருந்தார்கள். 2005 பெப்ரவரியில் அதை நிறுத்தினார்கள். மலை அடங்கிவிட்டது என்பதால் அல்ல. எரிமலை இன்னும் நீண்ட காலம் தொடரலாம், ஆகவே இது தற்காலிக நிலைமை அல்ல என்பதே சொல்லப்பட்ட காரணம். தஞ்சக் கோரிக்கைக் கடிதங்களோடு வருடக்கணக்கில் அலைந்த எங்கள் ஆட்களுக்கு இந்தத் தர்க்கத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்ரி லண்டனில் துப்புரவு வேலைசெய்து, மண்ணுக்கடியில் போன வீட்டின் கடனைப் பல வருடம் கட்டியவர்.

நான் வந்த நோக்கத்தை வழிகாட்டியிடம் சொன்னேன். எந்தக் குடும்பம் என்று கேட்டார். குடும்பப் பெயரைச் சொன்னதும், தகப்பனின் பெயர், அவருக்கு என்ன தொழில், எந்தத் தேவாலயம் என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கள் ஊரில் “ஆற்ற பிள்ளை” என்று கேட்பதுபோல. பிறகு கடலையும் மலையையும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, நாற்பது ஐம்பது அடி நடந்து, காலால் மண்ணைத் தட்டி, “இங்கே வரும்” என்றார். பற்றை, ஒரு தகரத் துண்டு, வேறொன்றும் இல்லை. வாசலில் நின்ற மாமரத்தைப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார் அன்ரி. மரம் இருக்கவில்லை. மண்ணைப் படம் எடுத்தேன்.

லண்டனுக்குத் திரும்பி அதைக் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியைக் கையில் வாங்கினார். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது பக்கம், எனக்குப் பின்னால் மலை என்றேன். கைபேசியை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நீ நிண்டது வாசலில இல்லை பிள்ளை. குசினிப் பக்கம்.”