கிடங்குக்கு வந்த விருந்தாளி

பூனை குறுக்கே போய்விட்டால், போகிற காரியம் கெட்டுவிடும் என்று வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுகிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. எங்களைப்போன்ற வியாபாரிகளிடம் இந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், வியாபாரிக்குப் பூனையைப்போல ஒத்தாசை செய்த பிராணிகள் அதிகம் இல்லை. மிருகங்கள் மனிதனின் வீட்டுக்குள் எப்படி வந்தன, வந்ததனால் யாருக்கு என்ன லாபம் என்பதை இந்த ஒரு பிராணியை வைத்தே ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

யாரும் பிடித்து வரவில்லை

ஆட்டையும் மாட்டையும் குதிரையையும் மனிதன் தன் தேவைக்காகப் பிடித்துக் கட்டிப் பழக்கினான். பூனையின் கதை வேறு. மேற்கு ஆசியாவில் பத்தாயிரம் வருஷங்களுக்கும் முன்னால் விவசாயம் துவங்கியது. கோதுமையும் பார்லியும் அறுவடையாகிச் சேமிப்புக்கு வந்தன. தானியம் சேர்ந்த இடத்துக்கு எலி வரும், எலி சேர்ந்த இடத்துக்குக் காட்டுப்பூனை வரும். மனிதன் அதைக் கூப்பிடவில்லை. விரட்டாமல் விட்டான், அவ்வளவுதான். ஆளைக் கண்டு அதிகம் மிரளாத பூனைகள் கிடங்கின் பக்கமே தங்கிக் குட்டி போட்டன. தலைமுறை தலைமுறையாக அந்தச் சுபாவம் ஊறிப்போயிற்று. இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து.

சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில், சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்தைய மனிதச் சமாதி ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. இந்தச் செய்தி 2004இல் வெளிவந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனம் கிடையாது. ஆகவே யாரோ அதைப் படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது முழு வீட்டுப்பூனையா, பழக்கிய காட்டுப்பூனையா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். மனிதனும் பூனையும் சேர்ந்து கடல் தாண்டியது அவ்வளவு பழைய சமாச்சாரம்.

இன்றைய வீட்டுப்பூனைகள் எல்லாம் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் திரிகிற லிபிகா என்ற காட்டுப்பூனை வகையின் வாரிசுகள் என்று 2007இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. 2025இல் வெளியான ஆய்வுகள் இன்னும் சுவாரஸ்யமானவை. ஐரோப்பாவுக்கு வீட்டுப்பூனை போனது ஏறத்தாழ 2,000 வருஷங்களுக்கு முன்புதானாம், அதுவும் வட ஆப்பிரிக்காவிலிருந்து. சீனாவுக்குப் போய்ச் சேர்ந்ததோ சுமார் 1,300 வருஷங்களுக்கு முன், பட்டு வணிகர்களின் பாதை வழியாக. அதற்கு முன்னே சீனக் கிராமங்களில் சிறுத்தைப்பூனை என்ற வேறொரு இனம் எலி தின்று மனிதரை அண்டி வாழ்ந்தது. மூவாயிரம் வருஷங்களுக்கு மேல் அண்டியிருந்தும் அது கடைசிவரை வீட்டுப் பிராணி ஆகவில்லை, காட்டுக்கே போய்விட்டது. பக்கத்தில் இருப்பது வேறு, வீட்டார் ஆவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கும்பிட்டவர்களும் வளர்த்தவர்களும்

பூனை என்றதும் எல்லோருக்கும் எகிப்து ஞாபகம் வரும். பூனை முகம் கொண்ட பாஸ்டெட் தேவதையை அங்கே கும்பிட்டார்கள். அந்தப் பக்தியின் மறுபக்கமும் உண்டு. கோயிலுக்குக் காணிக்கை செலுத்துவதற்காகவே பூனைகளை வளர்த்து, இளம் வயதிலேயே கழுத்தை முறித்துப் பதனம் செய்தார்கள் என்று எக்ஸ்ரே ஆய்வுகள் சொல்கின்றன. 1890இல் அப்படிப்பட்ட பூனை உடல்கள் சுமார் 1,80,000 லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்து இறங்கி, உரத்துக்காக ஏலம் போயின. கும்பிடுவதும் நேசிப்பதும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல இது போதும்.

அதே எகிப்தில், செங்கடல் கரையிலே பெரனிகே என்ற துறைமுகம் இருந்தது. நமக்கு அது அந்நியமான ஊர் அல்ல. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு அங்கே கிடைத்திருக்கிறது. இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அந்த ஊரில் கி.பி. முதலிரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு பிராணிகள் மயானத்தை ஆராய்ந்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 585 பிராணிகள், அவற்றில் பத்துக்கு ஒன்பது பூனைகள். இந்தியாவிலிருந்து கப்பலில் போன குரங்குகளும் அங்கே அடக்கமாகியிருக்கின்றன. எதையும் பலி கொடுத்த அடையாளம் இல்லை. சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டை, சிலவற்றுக்கு மணிமாலை. பல்லெல்லாம் விழுந்துபோன கிழப் பிராணிகளும் அங்கே உண்டு. பல் இல்லாத பிராணி வேட்டையாட முடியாது. கிடங்குக்கும் கப்பலுக்கும் அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. தண்ணீருக்கே கஷ்டப்பட்ட அந்தப் பாலைவனத் துறைமுகத்தில், மெதுவான தீனியாகப் பார்த்து யாரோ அதற்குப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

நம் பழைய இலக்கியத்தில் பூனைக்கு ‘வெருகு’ என்று பெயர். முல்லை மொட்டுக்கு வெருகுக் குட்டியின் கூரிய பல்லை உவமை சொன்னார்கள். வெருகைப் ‘பூசை’ என்றும் வழங்கலாம் என்று தொல்காப்பிய மரபியல் அனுமதிக்கிறது. ஆக, பூனையை உற்றுப் பார்த்த ஜனங்கள்தான் நாம்.

இனி ஒரு தர்மசங்கடம். பூனை எலியைக் கொல்கிறது. கொல்லாமை பேசுகிற ஜைன வியாபாரி அதை வளர்க்கலாமா? 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திர ஆசாரியர் எழுதிய யோகசாஸ்திரம், இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்களைச் சொல்லும்போது, பணத்துக்காகக் கிளி, பூனை, நாய், கோழி, மயில் முதலியவற்றை வளர்ப்பதையும் சேர்க்கிறது. ‘பணத்துக்காக’ என்ற அந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும். பிராணியை ஆதாயத்துக்கு ஒரு கருவியாக வைத்துக்கொள்வதைத்தான் அவர் கண்டித்தார் என்பது அடியேனின் அபிப்பிராயம். அடைக்கலம் கொடுப்பதை நம் முன்னோர் கண்டிக்கவில்லை. மும்பை புலேஷ்வரில் 1834இல் ஏற்பட்ட பாஞ்சராபோல் போன்ற இடங்களை நினைத்துப் பாருங்கள். கறவை நின்ற மாட்டுக்கும் நொண்டிப் பிராணிக்கும் அங்கே தீனி உண்டு. குஜராத்திலும் மும்பையிலும் வியாபாரிகள் தங்கள் சரக்கின்மேல் தாங்களே ஒரு சிறு தொகை விதித்துக்கொண்டு இப்படிப்பட்ட தர்மங்களை நடத்தினார்கள்.

இன்றைக்குப் பட்டணத்து மாடிவீடுகளில் எலிக்காகப் பூனை வளர்ப்பவர் சொற்பம். பேச்சுத் துணைக்கு வளர்க்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இங்கே என்றாகிவிட்ட குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். குழந்தைக்கோ இன்னொரு உயிரின் பசியை அறியக் கற்றுத் தரும் வாத்தியார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கருத்தடையும் செய்து வளர்த்தால் வீட்டுக்கும் தெருவுக்கும் நல்லது. இவ்வளவும் வரவுப் பக்கம்.

செலவுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அழகான குட்டியாக வாங்கி, கிழடானதும், வியாதி வந்ததும், வீடு மாறும்போதும் தெருவில் விட்டுவிடுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். லாபம் இருக்கிற வரையில் சோறு போடுவது வியாபாரம். லாபம் நின்ற பிறகும் போடுகிற சோற்றுக்குத்தான் வளர்ப்பு என்று பெயர். பெயர் தெரியாத அந்தப் பெரனிகே வாசிகளுக்கு இது தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.