மீன்தொட்டிக்குள் வெளிச்சம் வந்த கதை

மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டு ஹாலுக்கு ரெண்டடி மீன்தொட்டி ஒண்ணு வந்தது. பிளாஸ்டிக் செடி வேண்டாம், நிஜச் செடிதான் வேணும்னு என் பெண் பிடிவாதம். வைத்தோம். பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சள். வெளிச்சம் பத்தலை என்று நானே தீர்ப்பு சொல்லி, இன்னொரு விளக்கு மாட்டி, தினம் 12 மணி நேரம் எரியவிட்டேன். அடுத்த வாரம் தண்ணி பச்சைப் பாயசம்! மீன் எங்கே இருக்குன்னே தெரியலை.

"அப்பா, நீங்க லைட்டு போட்டது செடிக்கா, பாசிக்கா?" என்று கேட்டாள். பதில் தெரியாம முழிச்சேன். அப்புறம் தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சது, இந்தக் கேள்விக்கு ரொம்ப வயசு.

முதலில் 1771. மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றை ஒரு புதினாக் கொத்து மறுபடி நல்லதாக்குது என்று இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தார். ஆனா எப்படி ஆக்குதுன்னு அவருக்குப் பிடிபடலை. அதைப் பிடித்தவர் ஜான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். 1779-ல் இலைகளைத் தண்ணிக்குள்ளே முக்கி வைத்துப் பார்த்தார். வெயிலில் இலை மேல் குமிழ் குமிழா வந்தது, இருட்டில் நின்றுபோனது. வேலை செய்வது பச்சைப் பகுதி மட்டும்தான், அதுக்கும் வெயிலின் சூடு காரணமில்லை, ஒளிதான் காரணம் என்று எழுதி வைத்தார். நம்ம தொட்டிச் செடியில் முத்து முத்தா நிற்குமே, அதே குமிழ்தாங்க.

அடுத்தது லண்டன், 1849. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 12 காலன் பிடிக்கிற கண்ணாடிப் பாத்திரத்தில் ரெண்டு தங்கமீனையும் ஒரு வாலிஸ்னேரியா செடியையும் விட்டார். மீனுக்குச் செடி ஆக்சிஜன் தரும், செடிக்கு மீன் கரியமில வாயு தரும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனா கொஞ்ச நாளில் பழைய இலை அழுகி, பச்சைப் பாசி படர்ந்து, தண்ணி கலங்கிப்போச்சு. படிச்சதும் "அண்ணே, நீங்களுமா!"ன்னு சொல்லத் தோணிச்சு :-) அவர் குளத்து நத்தை அஞ்சாறைப் பிடிச்சு உள்ளே விட்டார். அழுகலையும் பாசியையும் நத்தை தின்றது, நத்தை முட்டையை மீன் தின்றது. தண்ணி தெளிந்தது. 1850-ல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்.

எவ்வளவு ஒளி என்பதோடு எந்த நிற ஒளி என்பதும் சேர்ந்துகொண்டது. 1882-ல் ஜெர்மானியர் எங்கல்மான், முப்பட்டகத்தில் பிரித்த ஒளியை ஒரு பாசி இழை மேல் விழவைத்து, ஆக்சிஜன் தேடி ஓடும் பாக்டீரியாக்களையும் கூடவே விட்டார். அவை சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன, பச்சையில் கூட்டமே இல்லை. 1938-ல் டியூப்லைட் விற்பனைக்கு வந்தது. 1960களில் சில்வேனியா கம்பெனி இந்தச் சிவப்பு-நீலக் கணக்கை வைத்தே குரோ-லக்ஸ் என்ற ரோஸ் நிற டியூப்பை விற்றது. காலனுக்கு இத்தனை வாட் என்ற கணக்கெல்லாம் டியூப் காலத்துச் சரக்கு. அதே வாட்டில் எல்ஈடி இன்னும் நிறைய வெளிச்சம் தரும் என்பதால் இப்போ அது உதவாது. நான் ஏமாந்ததும் அங்கேதான்.

கடைசியா ஜப்பான். சைக்கிள் பந்தய வீரரா இருந்து புகைப்படக்காரரான தகாஷி அமானோ, 1982-ல் நீகாட்டாவில் ஏடிஏ நிறுவனத்தைத் தொடங்கினார். தொட்டிக்குள் காடும் மலையும் புல்வெளியும் வளர்த்தார். ஒளியைக் கூட்டினால் கரியமில வாயுவையும் கூட்டணும் என்பது அவர் வழி. காற்றில் பரவுவதைவிடத் தண்ணியில் அந்த வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுது. செடிக்கு விளக்கு மட்டும் போட்டு, வாயு தராமல் விட்டால், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அரிசி போடாத கதைதான். மிஞ்சின ஒளியைப் பாசி எடுத்துக்கும். அமானோவும் பாசி தின்ன ஆள் வைத்தார், நத்தைக்குப் பதில் இறால். இன்னைக்கும் அதுக்குப் பேரு அமானோ இறால்தான்.

(நீல எல்ஈடிக்காக 2014-ல் நோபல் வாங்கின மூவரில் ஒருத்தர் பேரும் அமானோ. இவர் ஹிரோஷி, அவர் வேற ஆள். குழப்பிக்காதீங்க!)

நம்ம தொட்டிக்கு வருவோம். கூடுதல் விளக்கைக் கழற்றிட்டேன். டைமர் போட்டு தினம் 7 மணி நேரம் மட்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மாற்றம், நாலு நத்தை. ஒரு மாசம் ஆச்சு தெளிய. வாலிஸ்னேரியா வேர் பிடிச்சு, பக்கத்தில் ரெண்டு குட்டி விட்டிருக்கு.

பெண்ணிடம் இப்போ பதில் சொல்லிட்டேன்: "லைட்டு போட்டது ரெண்டுக்கும்தான்மா. செடிக்கு மட்டும்னு நான்தான் நெனச்சுக்கிட்டேன்."