படைச்சட்ட நூல்களும் வேலூர்ச் சுவரும்

கடியப்பட்டணத்தில் பழைய நூல்களைப் பேணுவது எளிதன்று. மழை மாதங்களில் கடலின் உப்பீரம் தோலட்டைகளில் பூஞ்சணமாகப் படியும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆயினும் படைச்சட்டம் குறித்த பழைய நூல்களைத் தேடுபவருக்கு இந்தக் கரை பொருத்தமானதே. 1741இல் டச்சுப் படை தோற்ற குளச்சல் பக்கத்தில் இருக்கிறது. வேலுத்தம்பி தளவாய் பிறந்த தலக்குளமும் தொலைவில் இல்லை.

இத்துறையில் முதலில் தேடவேண்டியது, அலெக்சாண்டர் பிரேசர் டைட்லர் 1800இல் எடின்பரோவில் வெளியிட்ட படைச்சட்ட நூல். அடுத்து, கம்பெனியின் வங்கப் படையில் பணியாற்றிய வில்லியம் ஹஃப் 1825இல் எழுதியது. பின் சார்லஸ் குளோட் 1872இல் எழுதியது. படைநீதிமன்றம் எவ்வாறு கூடவேண்டும், சாட்சிகளை எவ்வாறு விசாரிக்கவேண்டும், தண்டனையை யார் உறுதிசெய்யவேண்டும் என்பவற்றையெல்லாம் இவை நிதானமாக வகுத்துரைக்கின்றன. வாசிக்கும்போது, படையிலும் நீதி முறைப்படியே நடந்திருக்கும் என்ற எண்ணம் எழும்.

1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் நடந்த கிளர்ச்சியை நினைத்தால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. படைநீதிமன்றத் தீர்ப்பின்படி ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடுகடத்தப்பட்டனர். கொடுமையானவைதாம்; எனினும் விசாரணை என ஒன்று நடந்தது. ஆனால் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட அன்றே, அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் வெளியே கொண்டுவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அவர்களுக்கு விசாரணையே இல்லை.

இச்செய்தியை நமக்குச் சொல்வது ஒரு நினைவுக்குறிப்பு நூல். கோட்டை மீட்பில் பங்கேற்ற ஜான் பிளாக்கிஸ்டன் 1829இல் அதைத் தம் பெயரின்றி வெளியிட்டார். அக்காட்சியை அன்று கலக்கமின்றிப் பார்க்க முடிந்ததென்றும், ஆண்டுகள் கழிந்தபின் அச்செயலை ஏற்பது கடினமாக இருக்கிறதென்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். சட்ட நூல்களில் காணக் கிடைக்காத குரல் அது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1809இல், மண்ணடியில் உயிர்துறந்த வேலுத்தம்பியின் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசென்று கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். இறந்தவனைத் தண்டித்த அச்செயலைக் கவர்னர் ஜெனரல் மிண்டோவே கண்டிக்க நேர்ந்தது.

டைட்லரைத் தேடும் நண்பர்கள் பிளாக்கிஸ்டனையும் தேடிப்பிடித்து, இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நல்லது. விதி நூல்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், வேலூர்ச் சுவரோரம் நின்ற அந்த நூறு பேரும் நம் அலமாரியில் எங்கும் இருக்கமாட்டார்கள்.