வெடிப்பை ஆற்றிய வெடிமருந்து

மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கீறுவது போன்ற வலி. பிறகு ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீடிக்கும் எரிச்சல். சில சொட்டு இரத்தம். இத்தொல்லை உள்ளவர்கள் பலர் இதை 'மூலம்' என்று தாமே முடிவு செய்துகொண்டு, வெளியில் சொல்லக் கூசி, மாதக்கணக்கில் துன்பப்படுகிறார்கள். உண்மையில் அது மூலமாக இல்லாமல் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். இறுகிய மலம் வெளியேறும்போது ஆசனவாயின் மென்மையான உட்தோல் கிழிவதே இந்த வெடிப்பு. பெரும்பாலும் அது ஒரு சென்டிமீட்டர்கூட இராது.

இவ்வளவு சிறிய புண் ஏன் ஆறுவதில்லை? மருத்துவ உலகம் இதற்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று.

ஆசனவாயைச் சுற்றி வளையம் போன்ற இரு சுருக்குத்தசைகள் உள்ளன. வெளித்தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது. உள்தசையோ இதயத்தைப் போலத் தானே இயங்குவது. நாம் நினைத்தாலும் அதைத் தளர்த்த முடியாது. புண் வலித்தால் உள்தசை இறுகும். இறுகினால் அங்கே இரத்த ஓட்டம் குறையும். இரத்தம் குறைந்தால் புண் ஆறாது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது மேலும் இறுகி, மறுநாள் புண்ணை மீண்டும் கிழிக்கும். இது ஒரு நச்சு வட்டம்.

தசையின் இறுக்கத்தில்தான் கோளாறு என்பதைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பொயே 1818-லேயே உணர்ந்து, தசையை வெட்டிவிடச் சொன்னார். 1829-இல் பாரிஸ் மருத்துவர் ரெக்காமியே விரல்களால் தசையை இழுத்து விரிக்கும் முறையைக் கூறினார். எந்தத் தசை குற்றவாளி என்பது 1951-இல்தான் தெளிவாயிற்று. அது உள்தசையே என்றார் தென்னாப்பிரிக்காவின் ஐசன்ஹாமர். 1969-இல் நோட்டாரஸ், பக்கவாட்டில் சிறு துளையிட்டு உள்தசையின் ஒரு பகுதியை மட்டும் வெட்டும் எளிய முறையை விவரித்தார். புண்கள் நன்றாக ஆறின. ஆனால் வெட்டிய தசை பழைய நிலைக்குத் திரும்பாதே! சிலருக்கு வாயுவையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல் குறைந்துபோயிற்று. வெட்டாமல் தசையைத் தளர்த்த வழியில்லையா?

வழி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1847-இல் இத்தாலியர் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். அதைத் துளி சுவைத்தாலே தலை வலித்தது. அந்த வெடிபொருளைக் கொண்டே நோபல் 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1879-இல் லண்டன் மருத்துவர் மரல் அதை நெஞ்சுவலிக்கு மருந்தாகப் பயன்படுத்தியதை வெளியிட்டார். அது எப்படி வேலை செய்கிறது என்பது ஏறத்தாழ நூறாண்டு புதிராகவே இருந்தது. உடலில் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயு வெளிப்படுகிறது. அவ்வாயு தானியங்கு தசைகளைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுகளுக்காக மூன்று அமெரிக்க அறிஞர்கள் 1998-இல் நோபல் பரிசே பெற்றனர்.

இரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும் வாயு, ஆசனவாயின் உள்தசையைத் தளர்த்தாதா? தளர்த்தியது. 0.2 விழுக்காடு நைட்ரோகிளிசரின் களிம்பு பல வெடிப்புகளைக் கத்தியின்றி ஆற்றுவதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. சொப்ரேரோ கண்ட அதே தலைவலிதான் இதன் முக்கியத் தொல்லை! தலைவலி குறைவான டில்டியாசெம் களிம்பும் பின்னர் வந்தது. இவற்றை மருத்துவர் சொல்லாமல் பூசக்கூடாது. களிம்புக்கும் ஆறாத வெடிப்புக்கு அறுவை இன்றும் உண்டு.

ஆனால் புதிய வெடிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் களிம்புகூடத் தேவைப்படுவதில்லை. கீரை, காய், பழம், தவிடு நீக்காத தானியம், போதிய நீர் ஆகியவை மலத்தை இளக்கும். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்தால் தசை தளரும். முக்குவதும், மலத்தை அடக்குவதும் கூடாது. ஆறு வாரத்தில் ஆறாவிட்டாலோ, இரத்தப்போக்கு தொடர்ந்தாலோ, உடல் மெலிந்தாலோ மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும். குடல் புற்றுநோயிலும் இரத்தம் வரும்.

பொயேயின் கத்தி முதல் இன்றைய களிம்பு வரை வந்த முன்னேற்றம் அனைத்தும், நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் அவருக்குப் பயன்படும். கூச்சம் எந்தப் புண்ணையும் ஆற்றியதில்லை.