ஆமையிடம் கணக்குப் படித்த பிள்ளைகள்

"சேர், சின்னப் பிள்ளைகளுக்குக் கோடிங் படிப்பிக்கிறாங்களாம். சேர்த்து விட்டா கணக்கு நல்லா வருமா?"

பெற்றோர் பலர் இப்போது ஆசிரியர்களாகிய எங்களிடம் கேட்கும் கேள்வி இது. புதுக் கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்கு வயது ஏறத்தாழ அறுபது. இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். செய்தது பலன் தந்ததா என்று அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். காசு கட்டுவதற்கு முன் அந்த வரலாற்றை நாம் ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

1967ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிஜ் நகரம். போல்ட், பெரானெக் அன்ட் நியூமன் என்ற ஆய்வு நிறுவனத்தில் வொலி ஃபோயர்சைக், சிந்தியா சொலமன், டேனியல் பொப்ரோ, சீமூர் பப்பேர்ட் ஆகியோர் பிள்ளைகளுக்கென்றே ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். அதன் பெயர் லோகோ. 'சொல்' என்ற பொருளுடைய கிரேக்க வார்த்தையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. வீட்டில் கணினி வைத்திருப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காலம் அது. அந்த நேரத்தில் பிள்ளைகளின் கையில் கணினியைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது பலருக்கு வேடிக்கையாகவே இருந்தது.

இவர்களில் பப்பேர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1928இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த கணிதவியலாளர் அவர். சின்ன வயதில் அவருக்குப் பற்சில்லுகள் என்றால் உயிர். ஒரு சில்லு சுற்ற மற்றது எத்தனை முறை சுற்றும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தே வாய்பாட்டையும் சமன்பாட்டையும் விளங்கிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் ஜோன் பியாஜேயுடன் வேலை செய்தார். ஆசிரியர் கலாசாலையில் படித்த எல்லோருக்கும் பியாஜேயைத் தெரியும். பிள்ளை வெறும் பாத்திரமல்ல, தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்று காட்டியவர் அவர். அப்படியானால் கட்டுவதற்குப் பிள்ளைக்கு நல்ல கல்லும் மண்ணும் வேண்டுமே என்பதுதான் பப்பேர்ட்டின் கேள்வி.

முதலில் வந்த லோகோவில் படமே இல்லை. 1968-69இல் லெக்சிங்டன் நகரப் பாடசாலையொன்றில் ஏழாம் தரப் பிள்ளைகள் வழமையான கணிதப் பாடத்துக்குப் பதிலாக லோகோ படித்தார்கள். தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவியில் அவர்கள் சொற்களை வைத்து விளையாடினார்கள். கணினியைக் கொண்டு வாக்கியம் அமைக்க முயன்ற ஒரு பதின்மூன்று வயது மாணவிக்கு, பெயர்ச்சொல் வினைச்சொல் என்று ஏன் பிரித்துப் படிப்பிக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியதாம். பிரிக்காவிட்டால் கணினி உளறுகிறது!

இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு என்ன செய்வது? இந்த இடத்தில்தான் ஆமை வந்தது. 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வோல்டர் என்ற ஆய்வாளர் ஆமை போல ஊரும் சிறு ரோபோக்களைச் செய்திருந்தார். அந்தப் பெயரை எடுத்து, 1970ஐ ஒட்டிய காலத்தில், லோகோ கட்டளைப்படி தரையில் நகரும் ஆமை ஒன்றைச் செய்தார்கள். அதன் வயிற்றில் ஒரு பேனை. போகும் வழியெல்லாம் கோடு விழும். பின்னர் அதே ஆமை கணினித் திரைக்கும் வந்தது.

இதில் கணக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். '50 அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு.' இதை 4 தரம் சொன்னால் சதுரம் வரும். இனிச் சமபக்க முக்கோணி வரையச் சொல்லுங்கள். கோணம் 60 என்று படித்த பிள்ளை 60 பாகை திரும்பச் சொல்லும். 3 தரம் சொன்ன பிறகு பார்த்தால் முக்கோணி இல்லை, பாதி அறுகோணிதான் நிற்கும். ஏன்? ஆமை திரும்புவது உள்ளே இருக்கும் கோணத்தால் அல்ல, வெளியே இருக்கும் கோணத்தால். 60 அல்ல, 120. புறக்கோணம் என்று நாம் கரும்பலகையில் எழுதி மனனம் பண்ண வைப்பதை அந்தப் பிள்ளை தன் ஆமை வழி தவறியதில் கண்டுபிடிக்கிறது. சதுரத்துக்கு 4 தரம் 90, முக்கோணிக்கு 3 தரம் 120, அறுகோணிக்கு 6 தரம் 60. எல்லாம் 360! ஓரடி போய் ஒரு பாகை திரும்புவதை 360 தரம் செய்தால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும்.

விளங்காத பிள்ளையிடம் பப்பேர்ட் குழுவினர் சொன்ன வழி மிக எளிது: எழும்பி நீயே ஆமையாக நடந்து பார்.

எழுத்துத் தெரியாத பிள்ளைகளையும் அவர்கள் விடவில்லை. 1970களின் நடுப்பகுதியில் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ராடியா பேர்ள்மன், பாலர் வயதுப் பிள்ளைகளுக்காகப் பொத்தான் பெட்டி ஒன்றைச் செய்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் ஆமை முன்னே போகும், இன்னொன்றை அமுக்கினால் திரும்பும். எண் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் அத்தனை தரம் செய்யும். '5' என்பது தாளில் எழுதும் உருவம் மட்டுமல்ல, ஐந்து தரம் நடப்பது என்பது பிள்ளைக்குக் கண்முன்னே தெரியும். பிற்காலத்தில் கணினி வலையமைப்புத் துறையில் உலகப் புகழ் பெற்றவர் இதே பேர்ள்மன்தான்.

1980இல் பப்பேர்ட்டின் 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' நூல் வந்தது. பிரான்சில் வளரும் பிள்ளை பிரெஞ்சு மொழியைப் பாடமாகப் படிக்காமலே பேசுகிறது. கணிதம் பேசும் ஊர் ஒன்று இருந்தால் பிள்ளை கணிதத்தையும் அப்படியே பேசும் என்றார். சிங்கள அயலில் வளரும் நம் பிள்ளைகள் டியூசன் போகாமலே சிங்களம் பேசுவதைப் பார்க்கும் நமக்கு இது நன்றாக விளங்கும். சிறிய கணினிகளும் அந்த நேரம் விற்பனைக்கு வந்துவிட்டன. பாடசாலைகளில் லோகோ வேகமாகப் பரவியது. எதிர்பார்ப்பும் எல்லை மீறியது.

பிறகு அளந்து பார்த்தார்கள். நியூயோர்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகள் திட்டமிடும் திறனில் மற்றப் பிள்ளைகளை விட மேலாக இருக்கவில்லை. பலருக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் அதே வருடம் டக்ளஸ் கிளெமென்ட்ஸும் டொமினிக் கலோவும் ஆறு வயதுப் பிள்ளைகள் 18 பேரை வைத்துச் செய்த 12 வார ஆய்வு வேறு விதமாக முடிந்தது. ஆசிரியர் கூடவே இருந்து வழிநடத்திய அந்தப் பிள்ளைகள், அவசரப்படாமல் யோசிப்பதிலும் திசைகளை விளக்குவதிலும் முன்னேறியிருந்தார்கள். அதிலும்கூடப் பொதுவான அறிவு வளர்ச்சிச் சோதனைகளில் வித்தியாசம் தெரியவில்லை.

விமர்சனங்களுக்குப் பப்பேர்ட் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: லோகோ பிள்ளைக்கு என்ன செய்யும் என்று கேட்பதே பிழை. லோகோவை வைத்து மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அவர் 2016இல் காலமானார். அவர் வழியில் வந்தவர்கள் உருவாக்கிய ஸ்க்ராட்ச் 2007இலும், ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் 2014இலும் வெளிவந்தன. இரண்டும் இலவசம். இன்று கோடிங் வகுப்பு என்று நாம் காண்பவற்றில் பல இவற்றைக் கொண்டே நடக்கின்றன.

ஆகவே பெற்றோர்களே, கணினி மொழி தானாகக் கணக்கைப் படிப்பிக்காது. பக்கத்தில் இருந்து 'ஏன் இப்படி வந்தது?' என்று கேட்கும் ஒருவர் தேவை. வகுப்பில் சேர்க்கப் போனால் சான்றிதழைப் பற்றிக் கேட்க முன், பிள்ளை பிழை விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். விடையைச் சொல்லிக் கொடுக்கும் இடமா, பிழையைத் தேட விடும் இடமா என்பது அதில் தெரிந்துவிடும்.

லோகோவின் பெரிய பரிசும் இதுதான் என்று நாம் நினைக்கிறோம். நம் பிள்ளைகளுக்குப் பிழை என்றால் சிவப்புப் பேனையும் குறைந்த புள்ளியும்தான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்பே கணக்கென்றால் பயப்படும் பிள்ளைகளை எல்லா வகுப்பிலும் பார்க்கிறோம். ஆமை பிழையாகத் திரும்பினால் யாரும் ஏசுவதில்லை. திருத்தி மறுபடி ஓட விடலாம்.

கணினி இல்லாத வீடா? பரவாயில்லை. முற்றத்தில் சோக்கட்டியால் கட்டம் போடுங்கள். வாப்பா ஆமையாக நிற்கட்டும், மகள் கட்டளை சொல்லட்டும். சொன்னதை மட்டும் செய்யுங்கள், ஓரடி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சுவரில் போய் முட்டினால் எங்கே பிழைத்தது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.