கண் மறைவில் நடக்கும் வேலை

சென்ற மாதம் கும்பகோணம் போகிற வழியில், சேத்தியாத்தோப்பில் என் பழைய நண்பர் வீட்டில் ஒரு பகல் தங்கினேன். அவருடைய மகன் திண்ணையை அடுத்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். சென்னைக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். 2020-இல் கொரோனாவுக்குப் பயந்து ஊருக்கு வந்தவன், இங்கிருந்தபடியே வேலை பார்க்கிறான். கூட உழைப்பவர்கள் ஐந்து ஊர்களில் இருக்கிறார்களாம்.

“வேலை கஷ்டமில்லை, மாமா. வேலை செய்கிறேன் என்று அரை மணிக்கொரு தரம் நிரூபிப்பதுதான் கஷ்டம்” என்றான்.

சிரிப்பு வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது. சில வருஷங்களுக்கு முன் என் கிராமத்து வீட்டைச் சென்னையில் இருந்துகொண்டே பழுது பார்த்தவன் நான். தினம் இரண்டு தடவை மேஸ்திரிக்குப் போன் போடுவேன். “நடக்குதுங்க” என்பார். எல்லாம் முடிந்து போய்ப் பார்த்தால், கொல்லைக்குப் போகிற வழியையே சுவர் வைத்து அடைத்திருந்தார். “நிறுத்தச் சொல்லலீங்களே!” என்றார். அவர் பேரில் தப்பில்லை. நான் கேள்வி கேட்டேனே ஒழிய, தீர்மானிக்கும் பொறுப்பை யாரிடமும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் வீராணம் ஏரிக்கரைக்குப் போனோம். பையனும் வந்தான். அதன் வடகோடி இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து நிறைகிற ஏரி. 2004 முதல் இந்தத் தண்ணீர் குழாயில் நெடுந்தூரம் பயணம் செய்து சென்னைக்கும் போகிறது. சேத்தியாத்தோப்பில் இறைக்கிறவர், வடக்குத்தில் சுத்தம் செய்கிறவர், சென்னையில் திறந்துவிடுகிறவர் ஆகிய மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு காரியத்தை முடிக்கிறார்கள். இதற்கு முன்பு ஒரு தரம் இதே முயற்சி நடந்து, பாதியில் நின்றுபோய், பிரம்மாண்டமான சிமெண்டுக் குழாய்கள் வருஷக்கணக்கில் சாலையோரம் கிடந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏரியை வெட்டுவித்தவன் முதலாம் பராந்தக சோழன். ஏறத்தாழ 907 முதல் 955 வரை ஆண்டவன். வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயர்தான் மக்கள் வாயில் வீராணமாகத் தேய்ந்தது. அவன் மகன் இராசாதித்தன் யுத்தத்தை எதிர்பார்த்துப் படையோடு தங்கியிருந்த காலத்தில், சும்மா இருந்த வீரர்களைக் கொண்டு வெட்டினான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். அந்த யுத்தம் 949-இல் தக்கோலத்தில் நடந்தது. இளவரசன் யானைமீதே மாண்டான்.

ஏரி வெட்டுவது ஒரு வேலை. அரசன் திரும்பிப் போன பிறகு, வருஷா வருஷம் தூர் எடுத்து மடையைக் காப்பது வேறு வேலை. அதை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இதே பராந்தகன் காலத்துக் கல் ஒன்று, தஞ்சையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், உத்தரமேரூரில் நிற்கிறது.

முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஊர் அது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இப்படி அமைந்த வாரியங்களில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவி 360 நாள். தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று தஞ்சைக்கு ஆள் அனுப்பிக் கேட்க வேண்டியதில்லை. கணக்கு மட்டும் காட்டியாக வேண்டும். கணக்கு எழுதியவன் தானே வந்து காட்ட வேண்டும்; அவனுக்காக வேறு கணக்கன் புகுந்து முடித்துவைக்கக் கூடாது. கணக்குக் காட்டாத வாரியத்தானின் பெயர் மறுபடி குடத்தில் விழாது.

இந்த விதிகள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 919-இல் ஒரு தடவை எழுதினார்கள். இரண்டே வருஷத்தில், 921-இல், திருத்தி எழுதினார்கள். முப்பதிலிருந்து அறுபது என்று இருந்த வயது வரம்பு, முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆயிற்று. இரண்டு தரமும் அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்தார். அதாவது, விதி செய்கிற அன்று மத்திய சர்க்கார் வந்து உட்கார்ந்தது. அரை மணிக்கொரு தரம் வரவில்லை.

இதைக் குடியாட்சியின் பொற்காலம் என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. வரி கட்டுகிற கால்வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். நிலம் குறைந்தவருக்குச் சிறிது விலக்கு உண்டு. அதற்கும் கூடுதல் வேதப் படிப்பு வேண்டும். ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பெயரை எந்த ஓலையிலும் எழுதவில்லை, பெண்கள் பெயரையும்தான். ஒரு பிரமதேயத்துச் சொத்துக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனால் அந்த வட்டத்துக்குள், தூரத்தில் இருக்கிறவனை நம்புவதற்கு அவர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள்.

கரையில் நடந்துகொண்டே இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினர்களின் பெயரும் நீக்கப்படும் என்றதும் நின்றுவிட்டான்.

“உறவென்றால், யார் யார் மாமா?”

“தகப்பன், மகன், தாய்மாமன், மைத்துனன், மாமனார்...”

“மாமனார்கூடவா?”

அவனுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். பெண்ணின் தகப்பனார் அதே கம்பெனியில் மேலதிகாரி. பையன் ஏதோ கணக்குப் போடுகிறவன் போல ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது.