சின்னத்தில் உறையும் வரலாறு

ஓசூரை அடுத்த பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் வால்வுகளையும், 1962-இல் ஜெர்மானியக் குறைகடத்திகளையும் செய்யத் தொடங்கியது. ஓசூரில் நான் ஆசிரியனாயிருந்தபோது, எங்கள் பள்ளியின் பழைய மின்சுற்றுப் படங்களில் இருவகைச் சின்னங்களும் கலந்திருந்தன. ஒருநாள் டிரான்சிஸ்டரின் அம்புக்குறியை நான் தவறாகப் படித்துச் சொன்னேன். மின்கலத்தைத் தலைகீழாக இணைத்த மாணவனின் டிரான்சிஸ்டர் கெட்டது.

அதன்பின்னரே சின்னங்களின் வரலாற்றைக் கற்றேன். வால்வின் வட்டம் கண்ணாடிக் குமிழ். இடைவிட்ட கோடு, 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் புகுத்திய கம்பி வலை. டிரான்சிஸ்டரின் நேர்கோடு ஜெர்மானியத் துண்டு; சாய்கோடுகள், 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டனும் அதன்மேல் அழுத்திய இரு பொன் முனைகள். அம்புள்ளது உமிழ்ப்பான், அம்பு உள்நோக்கினால் பி-என்-பி, வெளிநோக்கினால் என்-பி-என்.

சின்னத்தை மனனம் செய்வதோடு நில்லாதீர்; காரணத்தையும் கேளுங்கள். நான் கேளாததற்கு என் மாணவனன்றோ விலை கொடுத்தான்!